பதினான்கு அதிகாரங்களுக்கு ஒரே கேள்வி

மத்திய அரசின் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கூட்டித் தருமாறு ஆஸ்திரேலிய மக்களிடம் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் அடக்கியது 1944. பிரித்துக் கேட்டது 1946. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. எங்கள் அடுக்ககச் சங்கம் விதிகளைத் திருத்தியபோதும் தனித்தனித் தீர்மானங்களுக்கே கை தூக்கினேன்.

ஒரே கேள்வி என்றால் வாக்குச்சீட்டு சிறியது, பிரசாரமும் எளிது. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்காக, அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே பிரதமர் ஜான் கர்ட்டினின் அரசு 1944-இல் கேட்டது என்பதால், சேர்த்துக் கேட்டதில் ஒரு நியாயமும் உண்டு.

ஆனால் கேட்டவை பதினான்கு: விலைக் கட்டுப்பாடு, வேலைவாய்ப்பு, குடும்ப உதவித்தொகை, பழங்குடி மக்கள், ரயில் பாதைகளின் அகலம் என்று நீண்ட பட்டியல். நாடு முழுக்க ரயில் பாதை ஒரே அகலத்தில் இருக்கட்டும் என்று விரும்பியவர், வேலைவாய்ப்பு அதிகாரத்துக்கு அஞ்சினால் மொத்தத்துக்கும் 'வேண்டாம்' என்றுதான் குத்தியாக வேண்டும். ஆதரவாளர் பதினான்கையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. எதிர்ப்பாளருக்கு ஒன்று போதும். ஆகஸ்ட் 19 வாக்கெடுப்பில் ஆதரவு 46 சதவீதத்தைத் தொடவில்லை. வெல்ல நாடளவில் பெரும்பான்மையும் ஆறில் நான்கு மாநிலங்களின் ஆதரவும் வேண்டும்; தெற்கு, மேற்கு ஆஸ்திரேலியா இரண்டு மட்டுமே ஆதரித்தன. அதே பட்டியலில் சிக்கிய பழங்குடியினர் தொடர்பான அதிகாரம் 1967-இல் வேறு வடிவில் வந்தபோது 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு பெற்றது. இடையில் காலமும் மாறியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1946-இல் மூன்று கேள்விகள். சமூகநலம் ஆறு மாநிலங்களிலும் வென்றது. விளைபொருள் சந்தைப்படுத்தல், தொழிலாளர் நிலைமைகள் இரண்டும் நாடளவில் 50 சதவீதத்தைச் சற்றே தாண்டியும், தேவையான நான்கு மாநிலங்களுக்குப் பதில் மூன்றே கிடைத்ததால் தோற்றன. மூன்றையும் சேர்த்துக் கட்டியிருந்தால் சமூகநலமும் கூடவே மூழ்கியிருக்கும் என்பது என் கணிப்பு. மருந்துகளுக்கு மத்திய அரசு இன்று தரும் மானியம் நிற்பது அந்த ஒரு வெற்றியின் மேல்தான்.

பிரித்துக் கேட்டாலே வென்றுவிடலாம் என்று சொல்லமாட்டேன். இதற்கு முன்பும் மத்திய அரசு கூடுதல் அதிகாரம் கேட்டிருக்கிறது: 1911-இல் சேர்த்துக் கேட்டபோது ஆதரவு சுமார் 39 சதவீதம். 1913-இல் ஆறாகப் பிரித்தபோது ஒவ்வொன்றுக்கும் 49 சதவீதத்தையொட்டிக் கிடைத்தது, ஆறுமே தோற்றன. 1913, 1946 இரண்டும் பொதுத்தேர்தல் நாளில் நடந்தவை. சமூகநலக் கேள்விக்கு எதிர்க்கட்சித் தலைவர் மென்சீசின் ஆதரவும் இருந்தது. ஏறிய வாக்கில் எவ்வளவு பிரித்ததால் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல இந்த நான்கு வாக்கெடுப்புகள் போதாது.