ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

கொரடாச்சேரியை ஒட்டிய கிராமம் எங்களுடையது. கிழக்கே பஸ் ஏறினால் திருவாரூர். மேற்கே தஞ்சாவூருக்குப் போக நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டியாக வேண்டும். அந்த கேட் மூடிக் காத்துக் காய்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் தங்கை மகனுக்கு எட்டு வயது, டவுன் சிண்ட்ரோம். அவனைப் பயிற்சிக்கு எங்கே கூட்டிப்போவது என்று இத்தனை வருடங்களில் நாங்கள் எடுத்த முடிவுகளில் பாதி, உண்மையில் அந்த கேட் எடுத்த முடிவுகள்தான். தாய்மாமன் என்ற முறையில் பை தூக்கிக்கொண்டு எல்லா இடத்துக்கும் நானும் போயிருக்கிறேன். எந்த இடம் எதற்கு உதவும் என்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். ஊரில் ஒரு பெரியவர், "டவுனுக்குப் போனா சரியாயிடுமா?" என்று நிஜமாகவே கேட்டார். 1866-ல் இதை விவரித்து எழுதிய ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுனின் பெயர் அது. 21-வது குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருப்பதுதான் காரணம் என்பது 1959-ல் தெரிந்தது. பிறவியிலேயே அமைவது, மனநோய் இல்லை. இதைச் சொல்லக் காரணம், மனநோய் தீர வேண்டித் தங்கும் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைக்கச் சொல்லி எங்களுக்கு வந்த யோசனைகள் கொஞ்சநஞ்சமல்ல. வைத்தீஸ்வரன் கோயில், நாகூர், வேளாங்கண்ணி மூன்றுக்கும் போய்வந்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை, தங்கைக்கு மனசு ஆறியது. ஆனால் அந்தச் சுற்றலில் பயிற்சிக்கான முதல் வருடம் முக்கால்வாசி போய்விட்டது.

குழந்தை பிறந்த தனியார் ஆஸ்பத்திரியில் சொன்னது ஒரே வரி: "இது இப்படித்தான் இருக்கும், அடுத்த குழந்தையைப் பாருங்க." எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுக்கச் சொல்லவில்லை. டவுன் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தமே கேட்காமலும் இருக்கும். அதனால் பிறந்த கையோடு எக்கோ பார்த்துவிட வேண்டும். அடுத்த குழந்தையைப் பற்றிப் பேசிய டாக்டர், அதற்குத் தேவையான குரோமோசோம் பரிசோதனையையும் எழுதித் தரவில்லை. நூற்றில் நாலு பேருக்கு அந்தக் கூடுதல் துண்டு வேறொரு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் அது பெற்றோரிடமிருந்து வந்ததா என்று அவர்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மருமகனுக்கு இதயத்தில் ஓட்டை இருந்தது மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் முடிந்தது.

இனி ஒப்பீடு. எங்களுக்கு முதல் போட்டி தஞ்சாவூரில் ஒரு தனியார் தெரபி மையத்துக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் டி.இ.ஐ.சி.க்கும் நடந்தது. டி.இ.ஐ.சி. என்பது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது. 18 வயது வரை பார்ப்பார்கள், காசு கிடையாது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழுவே சீட்டு எழுதி அனுப்பும்.

தனியார் மையத்தில் ஏசி, கலர் கலரான பாய், சிரித்த முகம். 45 நிமிடத்துக்கு எங்களிடம் 400 ரூபாய் வாங்கினார்கள். வாரம் இரண்டு தடவை. பஸ், சாப்பாடு, தங்கையின் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்தால் மாதம் ஆறாயிரத்தைத் தொட்டது. சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவார்கள், எட்டு மாதமும் ஒரே ஆள் பார்த்தார், அதையெல்லாம் மறுக்க மாட்டேன். டி.இ.ஐ.சி.யில் காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்றால் பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள். போன மாதம் இருந்த பிசியோ இந்த மாதம் இருக்க மாட்டார். முதல் இரண்டு நடைக்குப் பிறகு தங்கை, "அண்ணே, பிச்சை எடுத்தாவது பிரைவேட்டுக்கே போயிடலாம்" என்றாள்.

ஆனால் நடந்தது வேறு. தனியாரில் எட்டு மாதம் பேச்சுப் பயிற்சி கொடுத்தும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. திரும்ப அரசு மையத்துக்குப் போனபோது அங்கிருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "காது பார்த்தாச்சா?" பார்க்கவில்லை. இரண்டு காதிலும் நீர் கோத்திருந்தது. டவுன் குழந்தைகளுக்குக் காதுக்குழல் குறுகலாக இருப்பதால் இது சர்வ சாதாரணமாம். காது கேட்காத பிள்ளைக்கு எட்டு மாதம் 'அம்மா' சொல்லிக் கொடுத்திருக்கிறோம். தெரபி மையம் தெரபி மட்டும்தான் பார்க்கும். டி.இ.ஐ.சி. இருப்பது ஆஸ்பத்திரிக்குள். காது, கண், பல், தைராய்டு எல்லாம் ஒரே வளாகத்தில் முடியும். தைராய்டு வருடா வருடம் பார்க்க வேண்டியது. அதனால் மூன்று வயது வரைக்கும், எவ்வளவு வரிசையாக இருந்தாலும், என் ஓட்டு அரசு மையத்துக்குத்தான். கையில் காசு இருந்தால் தனியாரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

வரிசைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். தஞ்சாவூரை விட்டுவிட்டுத் திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கு மாறினோம். கேட் கிடையாது. தஞ்சாவூரில் டாக்டர்கள் அதிகம், அனுபவமும் அதிகம், அது 1950-களிலேயே வந்த கல்லூரி. திருவாரூரில் 2010-ல்தான் கல்லூரி வந்தது. ஆனாலும் மாதம் ஒரு தடவை அரைகுறையாகத் தஞ்சாவூர் போனதை விட, வாரம் ஒரு தடவை தவறாமல் திருவாரூர் போனதில்தான் பிள்ளை நடந்தான். நடவு சீசனில் மட்டும் தங்கையால் முடியாது. அப்போது என் மனைவி கூட்டிப்போவாள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள் என்றால் எங்கள் வீட்டில் அத்தை டியூட்டி ஆரம்பம்.

சென்னைக் கதை தனி. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. தி.நகரில் மதுரம் நாராயணன் மையம் 'உபநயன்' என்ற பயிற்சியை நடத்துகிறது. அதில் அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். டவுன் சிண்ட்ரோமுக்கென்றே உள்ள கூட்டமைப்பும் சென்னையில்தான். தன் மகளுக்காகத் தேடி அலைந்த ஒரு தாய், சுரேகா ராமச்சந்திரன், தொடங்கியது அது. தரத்தில் இவற்றோடு டெல்டாவில் போட்டி போட யாருமில்லை என்பதே என் எண்ணம். அதற்காகக் குடும்பத்தையே தாம்பரத்துக்கு மாற்றிய ஒருவரைத் தெரியும். இரண்டு வருடத்தில் வாடகை தாங்காமல் திரும்பிவிட்டார். நாங்கள் வருடத்துக்கு ஒரு தடவை மன்னை எக்ஸ்பிரஸில் போகிறோம். பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. போய் முழுப் பரிசோதனை செய்து, அடுத்த வருடத்துக்கு வீட்டில் என்ன சொல்லித்தர வேண்டும் என்று நோட்டில் எழுதி வாங்கி வருகிறோம். அந்த நோட்டைத் திருவாரூரில் காட்டினால் அவர்களும் அதன்படி செய்கிறார்கள். கொஞ்சம் முணுமுணுப்போடுதான்.

பள்ளி வயது வந்ததும் அடுத்த போட்டி: ஊர் அரசுப் பள்ளியா, தொண்டு நிறுவனத்தின் சிறப்புப் பள்ளியா. சிறப்புப் பள்ளியில் வேன் வரும், சோறு போடுவார்கள், சட்டை பட்டன் போடுவதிலிருந்து கழிப்பறை வரை பொறுமையாகப் பழக்குவார்கள். ஊர்ப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள் எட்டிப்பார்ப்பார். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி இவனுடைய உரிமை, சேர்க்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. எங்களிடம் ஒரு பள்ளியில் சொன்னார்கள். சட்டத்தின் பெயரைச் சொன்னதும் உட்காரச் சொன்னார்கள்.

நான் சிறப்புப் பள்ளிதான் நல்லது என்றேன். தங்கை ஊர்ப் பள்ளியில் சேர்த்தாள். இதில் நான் தோற்றுவிட்டேன். பிள்ளைகள் அவனைக் கபடியில் 'உப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். கடைத்தெருவில் தொலைந்தால் எந்தப் பையனும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவான். எழுத்து வரவில்லை. பேச்சு, பாதி கெட்ட வார்த்தையோடு, நன்றாகவே வந்துவிட்டது. கழிப்பறைப் பழக்கம் மட்டும் வள மையத்தின் பகல் நேர மையத்தில் கற்றது. தங்கிப் படிக்கும் விடுதி பற்றிக் கேட்கிறவர்களுக்கு: தாய் தனியாள், வேறு வழியே இல்லை என்றாலொழிய பத்து வயதுக்கு முன் வேண்டாம்.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஒரு வயது முடிந்தபின் தருவார்கள். ஐந்து வயது வரை வளர்ச்சித் தாமதம் என்றுதான் எழுதுவார்கள், பிறகு 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனைப் பார்க்கும் சமூக முதிர்ச்சி அளவில் 55-லிருந்து 69 வரை வந்தால் 50 சதவீதக் குறைபாடு, 36-லிருந்து 54 என்றால் 75 சதவீதம். பரிசோதனை நாளில் மருமகன் டாக்டருக்கு வணக்கம் வைத்து, பெயர் சொல்லி, அவர் பேனாவையும் எடுத்துக் கொடுத்தான். தங்கைக்குப் பெருமை, சதவீதம் குறைந்துவிடுமோ என்று மச்சானுக்குக் கவலை. 50 சதவீதம் வந்தது. 40-க்கு மேல் இருந்தாலே மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் கவலை தீர்ந்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) நகலோடு கொடுக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் அங்கேயே கேளுங்கள். வருடம் ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. நன்னிலம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை: காரைக்கால் பக்கம்தான், ஆனால் புதுச்சேரி. உதவித்தொகையெல்லாம் ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான்.

பதினெட்டுக்குப் பிறகு ஒப்பிட எதுவுமில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கென்று பகலில் போய் உட்கார ஒரு இடம் நான் பார்க்கவில்லை. சட்டப்படி அந்த வயதில் பெற்றோரே தானாகப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் மனுப் போட்டு ஆணை வாங்க வேண்டும். மருமகன் பங்குக்கு மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் வரும். அதை யார் பார்ப்பது என்று நான் பேச்சை எடுத்தால் மச்சான், "இன்னும் பத்து வருஷம் இருக்குல்ல மாப்ள" என்று எழுந்து வயலுக்குப் போய்விடுகிறார். போன வாரம் அவர் வரப்பில் நடக்கும்போது பின்னாலேயே போய், உடன்பிறந்தவர்கள் யாரையாவது இப்போதே பேசி வைக்கச் சொன்னேன். பதில் வரவில்லை. மடையைத் திறக்கக் குனிந்தார். மருமகன்தான் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தான்.