வாடிப்பட்டி வெயிலில் 25 சென்ட் பாலிஹவுஸ்: கட்டிக்கொடுத்தவர்களைப் பற்றி ஒரு லைன்மேன் சொல்வது

பாலிஹவுஸ், அதாவது இரும்புக் கூட்டின்மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பயிர்க் குடில், போடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது உயரத்தைத்தான். விளைச்சல், மானியம், கம்பெனி எல்லாம் அப்புறம். மழைத்தண்ணீர் ஓடும் கட்டர் எத்தனை மீட்டரில் இருக்கிறது, நடு உச்சி எத்தனை மீட்டரில் இருக்கிறது? கட்டர் 4 மீட்டர் என்று விலைப்பட்டியல் நீட்டினால், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்துக்கு வேண்டாம் என்பேன். எனக்குக் கட்டிக்கொடுத்தவர்களும் முதலில் அதைத்தான் நீட்டினார்கள். கட்டர் 4.5 மீட்டர், உச்சி 6.5 மீட்டர் என்று எழுதி வாங்கினேன். பைப் கூடும், பணமும் கூடும். ஆனால் சூடான காற்று மேலே போய் நிற்க இடம் வேண்டுமே. இல்லையென்றால் அது வேலை பார்க்கிறவர்கள் தலைமேலேயே நிற்கும்.

நான் மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இதில் வெள்ளரிக்காயைவிட ஒயரும் ஏணியும் கொஞ்சம் அதிகமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் இடம் 25 சென்ட், அதாவது ஏறக்குறைய 1000 சதுர மீட்டர். இயற்கைக் காற்றோட்டம் உள்ள வகை, ஃபேன் கிடையாது. கட்டியது ஒரு வெளியூர்க் கம்பெனி. பெயர் போடப் போவதில்லை. போய்ப் பார்த்த மற்ற பாலிஹவுஸ்களிலும் இதே குறைகளைத்தான் பார்த்தேன், ஒருவரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எலும்புக்கூடு அருமை. துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. பைப், எல்லா இணைப்பும் நட்டு போல்ட். வெல்டிங் வைத்தால் சூட்டில் பூச்சு போய் அந்த இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். இவர்கள் ஒரு இடத்தில்கூட வெல்டிங் மெஷினை எடுக்கவில்லை. ஃபவுண்டேஷன் பைப்பை கான்கிரீட்டில் நட்ட விதமும் சுத்தம். கூரைக்கு 200 மைக்ரான் யு.வி. ஷீட், பக்கவாட்டில் பூச்சி நுழையாத 40 மெஷ் வலை, கையால் சுற்றி ஏற்றி இறக்கும் கர்ட்டன். ஷீட்டை அலுமினிய புரொஃபைலில் வைத்து ஜிக்ஜாக் ஸ்பிரிங் போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

ஆடி மாதம் மேல்காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே சூடான காற்று வெளியேற விட்டிருக்கும் திறப்பு, அதாவது வென்ட், மேற்கே பார்த்துத் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து ஷீட்டைப் பலூன் மாதிரி ஊதிக் கிழித்துவிடும். திறப்பு கிழக்கே இருக்க வேண்டும். வரைபடத்தில் அதைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள், பாராட்ட வேண்டியதுதான். என்ன ஒன்று, ஐப்பசியில் கிழக்கிலிருந்து சாரல் அடிக்கும்போது அதே வென்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே தெறிக்கும். அங்கே ஒரு தடுப்புத் திரை கேட்டேன், தனி பில் போட்டார்கள். அந்தத் திரை இல்லாமல் இந்த ஊரில் யாரும் வாங்காதீர்கள்.

இப்போது வெயில். மே மாதம் மதுரையில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும். உள்ளே அதற்கு மேல்தான் இருக்கும். ஏ.சி. போட்ட மாதிரி இருக்கும் என்று விற்பனைக்கு வந்த தம்பி சொன்னதை நம்பிப் பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள். தெர்மாமீட்டரை வாசலில் மாட்டிக் காட்டுவார்கள், அதை நடுப் பாத்தியில் செடி உயரத்துக்கு நிழலாக மாட்டிப் பாருங்கள். இந்த மாதிரிக் குடில்களெல்லாம் ஆரம்பத்தில் குளிர் தேசங்களில் சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டியவை. நமக்கு வேண்டியது நேர் எதிர், சூட்டை வெளியே தள்ள வேண்டும்.

அதற்குத்தான் ஃபாகர் என்பார்கள். பொடிப்பொடியாகப் புகைபோலத் தண்ணீர் வரும், அது ஆவியாகும்போது காற்றில் உள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சித்திரை, வைகாசி மத்தியானம் காற்று காய்ந்து கிடக்கும்போது நன்றாகவே வேலை செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் போட்டாலும் ஆவியாகாது. இலைமேல் தண்ணீர் நின்று அடிச்சாம்பல் நோய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் மிச்சம். கம்பெனி கொடுத்த அட்டையில் வருடம் முழுக்க ஒரே நேர அட்டவணை போட்டிருந்தது. மழை மாதங்களில் டைமரை அணைத்துவிட்டேன். இன்னொன்று, நம் போர் தண்ணீர் உப்பு. ஃபாகர் முனையில் வெள்ளையாகப் பொருக்கு கட்டி, தெளிக்க வேண்டியது சொட்டுச் சொட்டாக வடியும். கூரை மழைத்தண்ணீரைக் கட்டர் வழியாகத் தொட்டியில் பிடித்து ஃபாகருக்கென்றே வைத்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

ஃபாகர் மோட்டாருக்கு அவர்கள் வைத்த சுவிட்ச் பெட்டிக்கு வருகிறேன். வாசலுக்கு உள்பக்கம், ஃபாகர் சாரல் நேராக விழுகிற இடத்தில், மூடி சரியாகப் பொருந்தாத பெட்டி. எர்த் ஒயர் பெட்டிக்குள்ளேயே முடிந்திருந்தது, வெளியே எங்கும் போகவில்லை. கூடு முழுக்க இரும்பு பைப், கீழே ஈர மண், ஆட்களில் பாதிப் பேர் வெறுங்கால். ஒரு இடத்தில் கசிந்தால் மொத்தக் கூடும் ஷாக் அடிக்கும். பொருத்த வந்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“தம்பி, எர்த் எங்கப்பா?”

“பெட்டியிலயே இருக்குண்ணே.”

“பெட்டியில இருந்து எங்க போகுது?”

“எல்லா சைட்டுலயும் இப்படித்தாண்ணே போடுறோம். இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல.”

ஒன்றும் ஆனதில்லை என்ற பேச்சை என் சர்வீஸில் நிறையக் கேட்டிருக்கிறேன். பெட்டியைப் பிடுங்கி வெளியே, மழை படாத இடத்தில், நெஞ்சு உயரத்தில் நானே மாட்டினேன். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கட்டாகும் ஆர்.சி.சி.பி. போட்டேன், தனி எர்த் குழி எடுத்து, இரும்புக் கூட்டையும் அதோடு இணைத்தேன். மொத்தக் கட்டுமானச் செலவில் இது ஒரு ஓரத்துக்குக்கூட வராது. ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள். இந்த விஷயத்தில் கம்பெனிக்கு நான் கொடுப்பது பூஜ்யம்.

உயரத்தில் வேலையும் அப்படித்தான். ஷீட் போட வந்த பையன்கள் 6.5 மீட்டர் உச்சியில், காலையில் பனி பட்டு வழுக்குகிற பைப்பில், பெல்ட் இல்லாமல் நடந்தார்கள். கீழே இறக்கி, பெல்ட்டும் கயிறும் வரும்வரை வேலை வேண்டாம் என்றேன். “பழக்கம்ணே” என்றான் ஒருவன். பழகியவர்கள்தான் விழுகிறார்கள், புதிதாக ஏறுகிறவன் பயத்திலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அன்று பாதி நாள் வேலை கெட்டது, மேஸ்திரிக்கு என்மேல் கோபம். கெட்டால் கெட்டுப் போகட்டும்.

பயிர் பற்றி. கம்பெனி சிபாரிசு குடைமிளகாய். ஓசூரின் குளிருக்கு அது சரி. இங்கே கோடையில் பூ கொட்டும், நிற்கிற காயும் சிறுத்துப்போகும். நாங்கள் வைத்தது விதையில்லா சாலட் வெள்ளரி. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகம் என்பதால் வலைக்குள் தேனீ வராதது குறையே இல்லை. குழித்தட்டு நாற்று நட்டு 40 நாள் பக்கத்தில் முதல் காய் பறிக்கலாம், மூன்று மாதத்தில் கொடி ஓய்ந்துவிடும். காய் நேராக, பளபளவென்று வருகிறது. மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விற்பது வேறு கதை. நாட்டு வெள்ளரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிற மொத்த வியாபாரி முகத்தைச் சுளிக்கிறார், ஹோட்டலுக்கு எடுக்கிறவர்கள் தேடி வாங்குகிறார்கள். நடுவதற்கு முன்பே வாங்குகிற ஆளைப் பேசி வையுங்கள்.

உரக்கரைசலை உறிஞ்சிச் சொட்டுநீரில் கலந்துவிடும் வெஞ்சுரி வைத்துக் கொடுத்தார்கள், நன்றாக இழுக்கிறது. சொல்லிக்கொடுக்க வந்த பையன்தான் கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கலக்கினான். அடியில் வெள்ளை வண்டல். அது சொட்டுவானில் போய் அடைத்தால் எடுப்பது பெரும்பாடு. கால்சியம் தனித் தொட்டி. சல்பேட், பாஸ்பேட் எல்லாம் இன்னொரு தொட்டி. பயிற்சி தருகிறோம் என்று விலைப்பட்டியலிலேயே எழுதுகிறவர்கள் இதையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

இரண்டாம் பயிரில் வேர்முடிச்சு நூற்புழு வந்தது. பாலிஹவுஸில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், ஒரே மண், ஒரே வகைப் பயிர், எப்போதும் ஈரம். யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடையில் 1965இல் தொடங்கிய வேளாண் கல்லூரி இருக்கிறது. அங்கே முடிச்சு விழுந்த வேரோடு போய்க் காட்டினேன், பொறுமையாக விளக்கினார்கள். கோடையில் பயிர் இல்லாதபோது மண்ணை நனைத்துக் கண்ணாடி மாதிரி தெரிகிற பாலித்தீனால் மூடிச் சில வாரம் வேக விட வேண்டும். அப்புறம் வேப்பம் புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா மாதிரி உயிர்ப் பூஞ்சாணத்தைக் கலந்து இட வேண்டும். நம் ஊர் மே மாத வெயில் உருப்படியாகப் பயன்படுகிற ஒரே இடம் இதுதான்.

மருந்து அடிப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. திறந்த வயலில் அடித்தால் காற்று கொண்டுபோய்விடும். இங்கே வலைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் மருந்து வாடை அப்படியே நிற்கும், சூடும் சேரும். 2017இல் மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அது திறந்த காடு. கம்பெனி கொடுத்த ‘பாதுகாப்பு கிட்’டில் என்ன இருந்தது தெரியுமா? மெல்லிய துணி மாஸ்க், ஹோட்டலில் பரோட்டா பார்சல் கட்டுகிறவர் போடுகிற பாலித்தீன் கையுறை. மருந்தின் ஆவியைத் துணி மாஸ்க் தடுக்காது. கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க், முழங்கை வரை வருகிற நைட்ரைல் கையுறை, கண்ணாடி, கம்பூட் எல்லாம் மதுரையில் நானே வாங்கினேன். 1971ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே பாதுகாப்பு உடை, மூச்சுக் கருவி, முதலுதவி, பயிற்சி எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்திருக்கிறேன். சிவப்பு கொடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் எங்கள் கதவைத் தாண்டி உள்ளே வராது. முதலில் பூச்சி ஒட்டிக்கொள்ளும் பசை அட்டைகள், மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கு, நீல அட்டை இலைப்பேனுக்கு. அதில் அடங்காவிட்டால்தான் மருந்து, அதுவும் சாயங்காலம், கர்ட்டனை ஏற்றி வைத்துவிட்டு. அடித்ததும் கதவில் ‘மருந்து அடித்திருக்கிறது, உள்ளே வராதீர்கள்’ என்று பலகை தொங்கும். எத்தனை நேரம் என்று லேபிளில் இருந்தால் அத்தனை நேரம், இல்லாவிட்டால் மறுநாள் இலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே போவோம்.

எங்களிடம் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சேலைக்கு மேலே வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுத் தலையில் துண்டு கட்டிக்கொள்வார்கள். வெளி வயலில் அது வெயிலுக்கு நல்லது, பாலிஹவுஸுக்குள் வேர்வை காயாமல் உடம்பு வெந்துவிடும். மூத்த அக்கா ஒருத்தர்தான் ஒருநாள் நேராகச் சொன்னார்: “தம்பி, செடிக்குத் தண்ணி தெளிக்கிற, எங்களுக்கு என்னத்த தெளிக்கிற?” அதன்பிறகு நேரத்தை மாற்றினோம். கோடையில் காலை 6 மணியிலிருந்து 10 வரை, மிச்சம் 4 மணிக்கு மேல், கூலி முழு நாளுக்கு. வாசலில் பானைத் தண்ணீர், மோர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம். தனியாக யாரும் உள்ளே போவதில்லை. ஒருவர் பேச்சு குழறினாலோ, தலை சுற்றித் தடுமாறினாலோ வெளியே நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், கூடவே 108. கொடி கட்ட ஸ்டூலுக்குப் பதிலாகத் தடுப்புக் கம்பி வைத்த தள்ளுவண்டி ஒன்று பட்டறையில் செய்தோம். இதில் ஒன்றுகூட கம்பெனியின் கையேட்டில் இல்லை. அதில் செடியின் வெப்பநிலைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

விற்பனைக்குப் பின் சேவை சுமார். ஆடியில் ஒரு மூலையில் ஸ்பிரிங் விட்டு ஷீட் கிழிந்தபோது, காற்றுக்கு வாரண்டி இல்லை என்றார்கள். வாரண்டி வெயிலில் ஷீட் நைந்து போவதற்கு மட்டும்தானாம். ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தேன், அப்படித்தான் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஒட்டிக் கொடுத்தார்கள், ஒட்டிய வேலை நேர்த்தி. தோட்டக்கலைத் துறை வழியாக 50 சதவீத மானியம் உண்டு. அது அரசு வைத்திருக்கும் மதிப்பீட்டுச் செலவில் பாதிதானே தவிர உங்கள் பில்லில் பாதி இல்லை. கட்டி முடித்து அளந்து பார்த்த பிறகுதான் வரும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்குங்கள். நாற்று, கீரை, கொத்தமல்லி மட்டும்தான் போடப்போகிறீர்கள் என்றால் நிழல்வலைக் குடிலே போதும், செலவும் சூடும் குறைவு.

கட்டுமானத்துக்கு ஐந்துக்கு நாலரை, சேவைக்கு இரண்டரை. பாதுகாப்புக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஷீட் மாற்றும் காலம் வந்தால் இவர்களைத்தான் கூப்பிடுவேன், கைவேலை தெரிந்தவர்கள். ஆனால் இந்தத் தடவை முன்பணம் கொடுக்கும் முன்பே பெல்ட், கயிறு, எர்த், வென்ட் திரை நாலையும் பில்லில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மேஸ்திரி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.