கார்லியன் ரோமானியப் படைக்கோட்டை: காரைக்குடியிலிருந்து செல்வோருக்கு

பிள்ளைகள் பிரிட்டனில் வேலை பார்ப்பதால் நம் ஊர்களிலிருந்து பலர் அங்கே சென்று வருகிறார்கள். அவர்கள் லண்டனோடு நின்றுவிடாமல், வேல்ஸில் நியூபோர்ட் நகரையொட்டியுள்ள கார்லியனுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். கி.பி. 75 அளவில் இரண்டாம் அகஸ்டா படையணி அமைத்த கோட்டை இது. அதன் நீள்வட்ட அரங்கின் மண்மேடுகளும் கல்வாயில்களும் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. 1926-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கிய மார்டிமர் வீலர்தான் 1945-இல் நம் அரிக்கமேட்டையும் அகழ்ந்தார்.

படைவீரர் குடியிருப்புகளில் எஞ்சியிருப்பவை தாழ்ந்த சுவர்களே. ஆயினும் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் வளவும் (முற்றம்) இரண்டாம் கட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு, எட்டுப் பேர் இரண்டு சிற்றறைகளில் ஒடுங்கியிருந்ததும், வரிசையின் கடைசியில் நூற்றுவர் தலைவனுக்கு மட்டும் விசாலமான இடம் ஒதுக்கப்பட்டதும் வியப்பளிக்கும்.

என்னை மிகவும் ஈர்த்தது குளியல் கூடம். குளித்தவர்களின் மோதிரங்களிலிருந்து கழன்று வடிகாலில் விழுந்த, விரல்நுனியில் அடங்கும் செதுக்கு மணிக்கற்களை அருங்காட்சியகத்தில் காணலாம் (நகை பார்க்கத் தெரிந்த ஆச்சிமார் அங்கிருந்து எளிதில் நகரமாட்டார்கள்). அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அரங்கும் குடியிருப்புகளும் திறந்த புல்வெளியில் இருப்பதால் குடையும், ஈரத்தில் வழுக்காத காலணியும் அவசியம்.