7200 ஆர்பிஎம் பார்த்து ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா? சீகேட் பாரகுடா 1, 2, 4 டிபி ஒப்பீடு

சீகேட் பாரகுடா 3.5 அங்குல டிஸ்க்குகளில் 1 டிபி (டிஎம்010), 2 டிபி (டிஎம்008) இரண்டும் 7200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 7200 சுற்று. 4 டிபி (டிஎம்004) மட்டும் 5400. சுழற்சி கால் பங்கு குறைவு. ஆனால் டேட்டாஷீட்டில் அதிகபட்ச வேகம் 1 டிபிக்கு நொடிக்கு 210 எம்பி, 4 டிபிக்கு 190 எம்பி. பத்து சதவீத வித்தியாசம்கூட இல்லை. தட்டில் டேட்டா நெருக்கமாக எழுதப்பட்டிருப்பதால், மெதுவாகச் சுற்றினாலும் ஒரு சுற்றில் ஹெட்டுக்கு (டேட்டாவைப் படித்து எழுதும் முனை) அதிக பிட் கிடைக்கிறது. சினிமா, போட்டோ, பேக்கப் என்று பெரிய ஃபைல்களைப் போட்டு எடுக்க 5400 தாராளம். கிகாபிட் நெட்வொர்க் வழியாக என்றால் நொடிக்கு 120 எம்பியைத் தாண்டப் போவதே இல்லை.

சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கும்போதுதான் ஆர்பிஎம் பேசும். வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்: 7200இல் 4.17 மில்லி நொடி, 5400இல் 5.56. ஹெட் நகரும் நேரம் எட்டரை மில்லி நொடி என்று வைத்தால் நொடிக்கு முறையே 79, 71 வாசிப்புகள். 4 கேபி துண்டுகளாகக் கணக்கிட்டால் இரண்டுமே 320 கேபியைத் தொடாது! விண்டோஸ் போட இரண்டும் லாயக்கில்லை, அதற்கு எஸ்எஸ்டிதான்.

எழுதும்போது மாட்டுவது வேறு இடத்தில். 2 டிபி டிஸ்க்கில் 7200 ஆர்பிஎம், 256 எம்பி கேஷ் (டிஸ்க்கின் உள் நினைவகம்) எல்லாம் உண்டு. ஆனால் அது 4 டிபியைப் போலவே எஸ்எம்ஆர். அதாவது, டேட்டா எழுதப்படும் வட்டத் தடங்களான டிராக்குகள் ஓட்டு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு டிராக்கைத் திருத்தினால் அடுத்தடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும். முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் வேகமாக வாங்கிக்கொள்ளும். அது நிரம்பியதும் வேகம் சரிந்துவிடும். வேகம் அளக்கும் கிரிஸ்டல் டிஸ்க் மார்க் மென்பொருளின் 1 ஜிபி சோதனையில் இது தெரியவே தெரியாது. பாதிக்குமேல் நிரம்பிய டிஸ்க்கில் 200 ஜிபியை ஒரே மூச்சில் காப்பி செய்து பாருங்கள். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் அமைப்பு) மறுகட்டமைப்பிலும் இதே தொல்லை, நாள்கணக்கில் இழுக்கும். 64 எம்பி கேஷ் மட்டுமே உள்ள 1 டிபி சிஎம்ஆர் (டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்பதால் தொடர்ந்து எழுதினாலும் மூச்சு வாங்காது. அன்றாடம் எழுதி அழிக்கும் வேலைக்கு மூன்றில் இதைத்தான் எடுப்பேன். பேக்கப்புக்கு 4 டிபி. 2 டிபிக்கு 7200 என்ற எண்ணைத் தவிர சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

லேபிளில் உள்ள எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் ‘5400 ஆர்பிஎம் கிளாஸ்’ என்று விற்ற சில டிஸ்க்குகள் உண்மையில் 7200இல் சுற்றுவது 2020இல் வெளிவந்தது. காட்டிக்கொடுத்தது சத்தம்தான். போனில் ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு டிஸ்க் அருகே வையுங்கள்: 90 ஹெர்ட்ஸில் மேடு தெரிந்தால் 5400, 120இல் தெரிந்தால் 7200.