பனி விட்டுவைத்ததை டில்லி மழைக்காலம் தின்றது: குளிர்கால முகாம் சாமான்கள், சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

முகாம் சாமான்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் வாங்கிய மாதமே எழுதப்பட்டுவிடுகின்றன. எடை இவ்வளவு, நிறம் அழகு, ஜிப் சுலபமாக ஓடுகிறது, ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். நாலைந்து குளிர்காலம் கழித்து அதே சாமான் எந்த நிலையில் இருக்கிறது என்று தேடினால் அதிகம் கிடைப்பதில்லை. டில்லி ஆர்.கே.புரத்தில் குடியிருந்துகொண்டு, டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை உத்தராகண்ட் மலைகளில் நானும் மனைவியும் முதுகுப்பையோடு நடந்து வருவது வழக்கம். அதில் எது தாங்கியது, எது போனது என்ற கணக்கு இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் சாமான்களில் மலையில் பழுதானவை கொஞ்சம்தான். வீட்டில் சும்மா கிடந்தபடியே பழுதானவைதான் அதிகம்.

போகிற இடங்கள் டில்லிக்காரர்கள் எல்லோரும் போகிற இடங்கள்தான். வார இறுதி மட்டும் கிடைத்தால் பந்த்வாரி வழியாக நாக் டிப்பா, 3,022 மீட்டர். இன்னும் இரண்டு நாள் விடுப்பு சேர்ந்தால் சோப்தாவிலிருந்து துங்கநாத், சந்திரசிலா. குளிர்காலத்தில் துங்கநாதர் கோயில் மூடியிருக்கும். சுவாமி கீழே மக்குமட்டுக்கு இறங்கிவிடுவார். ஒரு வாரம் கிடைத்தால் உத்தரகாசி மாவட்டத்துச் சாங்க்ரியிலிருந்து கேதார்கந்தா, ஏறக்குறைய 3,800 மீட்டர்.

டில்லியில் இருப்பவர்களுக்குக் குளிர் பழக்கம்தானே என்று ஊரில் கேட்பார்கள். 2021 ஜனவரி 1 அன்று டில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது உண்மை. ஆனால் அது செங்கல் சுவருக்குள், ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு செய்தியில் படித்த குளிர். மலையில் முகாமிடும்போது இரவு பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, பத்து என்று இறங்கும். பனி கொட்டுகிற இரவைவிட அது நின்ற மறுநாள் இரவுதான் மோசம். மேற்கத்திய இடையூறு என்று வானிலைக்காரர்கள் சொல்கிற, மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழைமேகக் கூட்டம் வந்தால் வானம் மூடிப் பனி விழும்; அது கடந்து வானம் தெளிந்ததும் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். நட்சத்திரம் நிறையத் தெரிகிற இரவு என்றால் கூடுதலாக ஒரு ஜோடி காலுறை எடுத்து வைத்துக்கொள்வோம்.

சரி, ஸ்லீப்பிங் பேக். எங்களிடம் இரண்டு வகையும் இருக்கிறது. என்னுடையது செயற்கை நார், மனைவியுடையது வாத்துத் தூவி. இரண்டும் ஒரே கூடாரத்தில், ஒரே இரவுகளில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவை என்பதால் ஒப்பிடச் சுலபம். முதல் இரண்டு குளிர்காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னுடையது கனமாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் நார் தளர ஆரம்பித்தது. ஒவ்வொரு பயணத்திலும் சின்ன உறைக்குள் திணித்துத் திணித்து, கால் பக்கத்தில் பஞ்சு மெலிந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அங்கங்கே துணி மட்டும்தான் இருக்கிறது. இப்போது அதற்குள் ஒரு கம்பளி லைனர் போட்டுத்தான் தூங்குகிறேன். மனைவியுடையது இன்றும் உறையிலிருந்து எடுத்து உதறினால் பொம்மென்று எழும்புகிறது. தையல் ஓரத்தில் ஒன்றிரண்டு தூவி வெளியே எட்டிப் பார்ப்பதைத் தவிர குறையே இல்லை.

ஆனால் தூவிக்கு ஈரம் ஆகாது. கூடாரத்துக்குள் நாம் விடும் மூச்சே உறைந்து, காலையில் பொடிப்பனியாக மேலே விழும். அது உருகிப் பையின் மேல் துணியில் இறங்கினால் தூவி கட்டிக்கொள்ளும், சூடு போய்விடும். தொடர்ந்து மூன்று இரவு தங்கினால் மூன்றாம் இரவில் வித்தியாசம் தெரியும். மதியம் வெயில் வந்ததும் பையை உள்வெளி புரட்டிப் பாறைமேல் அரை மணி நேரம் காயவைப்பது மனைவியின் வேலை. அந்த அரை மணி நேரம் கிடைக்காத நாட்களில் என் பழைய நார்ப்பை ஜெயித்துவிடும்.

பையின் மேல் எழுதியிருக்கும் டிகிரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரத்தின்படி சோதித்த பையில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது, ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் வெப்பநிலை. மூன்றாவது உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்கு மட்டும். அதில் யாரும் தூங்க முடியாது. மலிவான பைகளில் ‘−10’ என்று ஒற்றை எண் மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தால் அது மூன்றாவது எண் என்று வைத்துக்கொண்டு வாங்குவது நல்லது.

இதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் பாய். படுத்தால் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும், அங்கே சூடு நிற்காது. பாயின் தடுப்புத் திறனை ஆர்-மதிப்பு என்ற எண்ணால் சொல்கிறார்கள். பனிமேல் படுக்க ஐந்துக்குக் குறையாமல் வேண்டும். காற்றடைக்கும் பாயோ ஃபோம் பாயோ, ஒன்றின்மேல் ஒன்று போட்டால் இரண்டின் எண்களையும் கூட்டிக்கொள்ளலாம். நாங்கள் கீழே சாதாரண ஃபோம் பாய், மேலே காற்றுப் பாய் என்று போடுகிறோம். காற்றுப் பாய் இடையில் ஓட்டையாகி ஒட்டுப் போட்டிருக்கிறோம். ஃபோம் பாய்க்கு இத்தனை வருடத்தில் ஒன்றும் ஆகவில்லை. மொட்டைமாடியில் வடகம் காயவைக்கவும் அதுதான். வாங்கியதிலேயே மலிவான பொருள் அது, நான் நட்சத்திரம் கொடுப்பதாக இருந்தால் ஐந்தும் அதற்குத்தான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். டில்லி வீடுகளில் கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்கும். மார்ச் முடிந்ததும் ரஜாய், கம்பளி, ஸ்வெட்டர் எல்லாம் பாச்சா உருண்டையோடு அதற்குள் போய், தீபாவளிக்குப் பிறகு மொட்டைமாடி வெயிலுக்கு வரும். முகாம் சாமானும் இயல்பாக அங்கேதான் போகும். மே, ஜூனில் அந்தப் பெட்டி அடுப்பாக இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புழுக்கம். பாலியூரித்தேன் என்ற பொருளுக்கு இந்த இரண்டும் எமன். சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும், நாம் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும்.

முதலில் போனது கூடாரத்தின் மேல்விரிப்பு. உள்பக்கப் பூச்சு பாலியூரித்தேன்தான்; அது பிசுபிசுத்து, மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டு, பிரித்தால் வெயிலில் வெந்த முதுகுத்தோல் மாதிரி உரிந்து வந்தது. தையல்மேல் ஒட்டியிருந்த டேப்பும் கூடவே. அதே கூடாரம் ஒரு ராத்திரி முழுக்க விழுந்த பனியைத் தாங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளிருந்து தட்டிவிட வேண்டியிருந்தது, அலுமினியக் கம்பி வளைந்துகொடுத்ததே தவிர ஒடியவில்லை. கம்பிகளுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு குளிரில் விறைத்து நீளும், சுருங்காது. அதற்குப் பதற வேண்டாம், கீழே வந்தால் சரியாகிவிடும். பனியில் முளை நிற்காது. காய்கறி வாங்கும் துணிப்பையில் பனியை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் இறுகிக் கல்லாகிவிடும்.

அடுத்தது பூட்ஸ். நடைக்காலணியின் மேல்தோலுக்கும் அடிரப்பருக்கும் நடுவே மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். பல பூட்ஸ்களில் அதுவும் பாலியூரித்தேன்தான். என் ஜோடி பார்க்கப் புதிதாகவே இருந்தது. இரண்டு வருடம் போடாமல் பெட்டியில் இருந்துவிட்டு வெளியே வந்தபோது, கட்டைவிரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது. விற்ற கடையில் கேட்டால் “நீங்கள் போடாததுதான் காரணம் சார்” என்றார்கள். அது பாதி உண்மை. அடிக்கடி போடுகிற பூட்ஸ் இப்படி உதிரும் முன்பே தேய்ந்து முடிந்துவிடும், அதனால் யாருக்கும் தெரிவதில்லை. இது மலைப்பாதை நடுவில் நடந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு நவம்பரிலும் பூட்ஸின் அடிப்பாகத்தை நன்றாக வளைத்து, அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். பழைய பூட்ஸை வாடகைக்கு எடுத்தாலும் அதே சோதனை.

மெரினோ கம்பளி உள்ளாடையில் பூச்சி ஓட்டை போட்டது. அதுவும் அலமாரியில்தான், மலையில் இல்லை. விலையைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பாலியஸ்டர் தெர்மல் நாற்றம் பிடிக்கும், ஆனால் பூச்சி தொடாது, அதனால் இப்போது அதோடு சமாதானமாகிவிட்டேன். திருப்பூர் பனியனைப் பற்றி நமக்கெல்லாம் பெருமை உண்டு. டில்லிக் குளிருக்கு ஸ்வெட்டருக்கு உள்ளே அது போதும். ஏற்றத்தில் மட்டும் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் இருக்கும், நின்ற ஐந்தாவது நிமிடம் உடம்பு நடுங்கும். மழைக்கோட்டில் தண்ணீர் உருண்டு ஓடாமல் ஊற ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவைத்து, லேசான சூட்டில் உலர்த்தினால் பாதி உயிர் திரும்பும். மீதிக்கு மேல்பூச்சு திரவம் கிடைக்கிறது.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு: ஸ்லீப்பிங் பேக் இரண்டும் உறையிலிருந்து எடுக்கப்பட்டு, பழைய தலையணை உறைகளில் தளர்வாக அலமாரி மேல்தட்டில். கூடாரமும் பூட்ஸும் நாங்கள் தூங்கும் அறையிலேயே, கூலரை அல்ல, ஏசியை நம்பி. கூலர் ஓடும் அறை இன்னும் மோசம், ஈரத்தை அதுவே கொண்டுவந்து கொடுக்கும். விருந்தாளிகள் வந்தால் அறையில் பூட்ஸ் எதற்கு என்று கேட்கிறார்கள். மாமியாருக்கு விளக்கிப் பார்த்தாயிற்று.

சமையல். சின்ன கேஸ் கொள்கலன்களில் பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் −42 வரை ஆவியாகும். புரொப்பேன் முதலில் தீர்ந்துவிடுவதால் புதுக் கொள்கலன் நன்றாக எரியும், பாதி தீர்ந்ததும் அழும். இரவு பைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினால் காலையில் காபி கிடைக்கும். கூடாரத்துக்குள் அடுப்பு மட்டும் வேண்டாம். மூடிய அறையில் அங்கீட்டி என்ற கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்களின் செய்தி டில்லிப் பத்திரிகைகளில் ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறதே, அதே கார்பன் மோனாக்சைடு இங்கேயும். கொள்கலனை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகத் தடை, டேராடூனில் வாங்கிக்கொள்ளலாம்.

3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது, அரிசி வேகவும் கேஸ் நிறையச் செலவாகும். வீட்டிலேயே வறுத்துத் தாளித்த உப்புமா ரவை, அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இவை போதும். தேங்காய் எண்ணெய் டில்லியிலேயே டிசம்பரில் கட்டியாகிவிடும் என்பதால் பொடிக்கு நல்லெண்ணெய்தான். குடிக்கிற தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கவேண்டும், பனிக்கட்டி மேலிருந்து உறையும் என்பதால் மூடிப் பக்கம் திறந்திருக்கும். தண்ணீர் வடிகட்டும் குழாய் ஒருமுறை உள்ளே உறைந்துவிட்டால் பார்க்க நன்றாக இருந்தாலும் நம்பக் கூடாது. போன், பவர் பேங்க் இரண்டும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: பாய், உள்ளாடை, காலுறை, கையுறை வாங்குங்கள். பனியில் வழுக்காமல் பூட்ஸின் அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்கும், பூட்ஸுக்குள் பனி புகாமல் காலில் கட்டும் கெய்ட்டரும் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன, வருடத்தில் ஒரு வாரம் போடும் இரும்பை டில்லியில் துருப்பிடிக்க வைக்க வேண்டாம். கூடாரம் வருடத்துக்கு ஒருமுறைதான் விரிப்பீர்கள் என்றால் அதையும் வாடகைக்கே எடுக்கலாம். எங்கே விரிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடைசெய்தது. உள்ளூர் வழிகாட்டி காட்டுகிற காட்டு ஓரத்திலேயே தங்கிக்கொள்ளுங்கள், காற்றும் அங்கே குறைவு.

போக்குவரத்தைப் பொறுத்தவரை டேராடூனுக்கு இரவு ரயில், இல்லையென்றால் காஷ்மீரி கேட்டிலிருந்து பஸ். அங்கிருந்து சாங்க்ரிக்கு மலைச்சாலையில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். சோப்தா பக்கம் பனி அதிகமானால் வண்டி துகல்பிட்டாவோடு நின்றுவிடும், மிச்சம் நடைதான். திரும்பும்போது மலையில் பிரச்சினை வராது. சமவெளியில் இறங்கியதும் மூடுபனியில் ரயில் ஐந்து மணி, ஆறு மணி நேரம் தாமதமாகும். ஆபீசில் திங்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், செவ்வாய் என்று சொல்லுங்கள்.