ட்ரோன் தரைமாதிரியின் உயரப் பிழை: ஆர்டிகேயா, ஜிசிபியா, லெவல் மெஷினா?

ட்ரோன் படங்களைக் கோத்துச் செய்யும் தரைமாதிரியில் (நிலத்தின் உயரங்களைக் காட்டும் கணினி வடிவம்), கொல்லிமலைச் சரிவில் 15 சென்டிமீட்டர் உயரப் பிழை வந்தால் யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. வேளச்சேரியில் அதே 15 சென்டிமீட்டர் தண்ணீர் ஓடும் திசையையே மாற்றிக் காட்டிவிடும். 2000-க்கு 1 சரிவில் போடும் மழைநீர் வடிகால் 300 மீட்டர் ஓடினாலும் மொத்த இறக்கம் அவ்வளவுதான். 1802-ல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் தன் அளவைக்கு முதல் அடிக்கோடு அளக்க வசதியாக இருந்த தட்டை நிலம், இன்று ட்ரோன்காரர்களுக்குத் தலைவலி.

முதலில் சுலபமான பிழை. ட்ரோனின் ஜிபிஎஸ் தருவது எலிப்சாய்டு உயரம், அதாவது பூமியைக் கணக்குக்காகச் சீரான தட்டையுருண்டையாக வைத்து அதிலிருந்து அளந்த உயரம். சென்னையில் ஜியாய்டு, அதாவது சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய பரப்பு, அந்த எலிப்சாய்டுக்கு 80 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதனால் மெரினா மணல் மைனஸ் எண்பத்துச் சொச்சம் என்று காட்டும். புதிதாக வருபவர்கள் பதறிப்போவது இங்கேதான். மென்பொருளில் ஜியாய்டு மாடலைக் கொடுத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். மிச்சத்தை, உயரம் தெரிந்த ஒரு பெஞ்ச் மார்க்கோடு (நிலையான அடையாளப் புள்ளி) ஒப்பிட்டு ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம். இதற்காக ஆர்டிகே ட்ரோன் (தரை நிலையத்திலிருந்து வரும் திருத்தத்தை வைத்துப் பறக்கும்போதே தன் இடத்தைத் துல்லியமாக அறிவது) வாங்கத் தேவையில்லை.

தொல்லை தருவது இரண்டாவது பிழை. கேமரா நேர்கீழே பார்க்க, ஒரே உயரத்தில் வரிவரியாகப் பறந்தால், லென்ஸின் வளைவைக் கணிப்பதில் வரும் சிறு தவறு தரையின் வளைவாக மாறிவிடும். நடு மேடாகி ஓரம் தாழும், அல்லது நேர்மாறாகக் கிண்ணமாகும். சராசரிப் பிழை நன்றாகவே தெரியும், வடிகால் வரைபடம் மட்டும் தப்பாக வரும்.

இதற்கு ஆர்டிகே எவ்வளவு உதவும்? நிறையவே. ஒவ்வொரு படமும் எடுத்த இடம் சில சென்டிமீட்டருக்குள் தெரிவதால் வளைவு பெரிதும் அடங்கிவிடும். கால் வைக்க முடியாத சதுப்பில் வேறு வழியும் இல்லை. பிபிகேயும் அதே சரக்குதான், திருத்தத்தை அப்புறம் உட்கார்ந்து போடுகிறோம், அவ்வளவே. பறக்கும்போது சிக்னல் அறுந்தால் கவலையில்லை என்பதால் எனக்கு பிபிகேதான் பிடிக்கும். ஆனால் ஆர்டிகேயை மட்டும் நம்பினால் ஒரு பொறி இருக்கிறது. லென்ஸின் குவியத்தூரத்தில் வரும் பிழையும் உயரத்தில் வரும் பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். கிழக்கு, வடக்கு எல்லாம் கச்சிதமாக இருக்க, மொத்த நிலமும் பத்து சென்டிமீட்டர் மிதக்கும். ஒரே ஒரு ஜிசிபி (இடமும் உயரமும் அளந்து தரையில் வைக்கும் குறி) வைத்தாலே இது தெரிந்துவிடும். அதோடு கேமராவை 20, 30 டிகிரி சாய்த்துக் குறுக்கே சில வரிகள் பறந்துவிடுங்கள். செலவு ஒரு பேட்டரி.

ஜிசிபி மட்டும் என்றால் உழைப்பு அதிகம். நான்கு மூலையில் வைத்துவிட்டு நடுவை விட்டால் மேடு அப்படியே நிற்கும். தெருவில் ஃப்ளெக்ஸ் துண்டை விரித்தால் ட்ரோன் ஏறுவதற்குள் யாராவது சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெயின்ட் அடிப்பதே நல்லது. புது சிமென்ட் ரோட்டில் வெறும் வெள்ளை வேண்டாம், மதிய வெயிலில் படத்தில் வெளுத்துக் கரைந்துவிடும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போடுங்கள்.

அந்த ஜிசிபிக்கு உயரம் எதில் எடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரோவரின் (கம்பில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி) உயரத்திலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் உண்டு. ஆட்டோ லெவலை, அதாவது லெவல் மெஷினை, வைத்து ஒரு கிலோமீட்டர் சுற்றித் தொடங்கிய புள்ளிக்கே வந்து மூடினால், வித்தியாசம் 12 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பதே கணக்கு. எனவே வடிகால் வேலைக்கு என் ஓட்டு இப்படி: பறக்க பிபிகே, ஐந்தாறு ஜிசிபி, அவற்றுக்கு லெவல் மெஷினில் எடுத்த உயரம், கணிப்பில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் நாலு செக் பாயின்ட். மண் அள்ளிய கன அளவு மட்டும் வேண்டுமென்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், ஆர்டிகேயும் ஒரு ஜிசிபியும் போதும்.

மாதிரி தயாரான பிறகு செக் பாயின்ட் வித்தியாசங்களுக்கு ஒரு வளைபரப்பைப் பொருத்திக் கழிக்கும் வழியும் உண்டு. பழைய படங்கள் மட்டுமே கையில் இருந்தால் செய்யலாம். ஆனால் புள்ளிகளுக்கு வெளியே, ஓரங்களில், அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அத்தனை புள்ளிகள் இருந்தால் கணிப்புக்கு உள்ளேயே ஜிசிபியாகக் கொடுத்துவிடலாமே! இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவோடு ஒப்பிட்டுத் திருத்துவதை மறந்துவிடுங்கள். அதில் ஒன்றான ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தரவின் பிழை வரம்பே 4 மீட்டர்.

காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. காற்றில்லாத காலையில், ஓட்டமில்லாத ஏரியின் நீர்விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டம். கரையைச் சுற்றி விளிம்பின் உயரங்களைப் படித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் மாதிரி சாய்ந்திருக்கிறது. நீர்ப்பரப்பின் நடுவில் படிக்காதீர்கள், அங்கே படங்களை ஒன்றோடொன்று பொருத்தப் புள்ளியே கிடைக்காமல் குப்பைதான் வரும்.

மூன்றாவது பிழை செடிகொடி. பள்ளிக்கரணையின் சம்பங்கோரையிலும் சீமைக்கருவேலத்திலும் படம் பார்ப்பது இலையின் உச்சியை, தரையை அல்ல. ஆர்டிகே, ஜிசிபி எதுவும் இதைத் தொடாது. கருவேலத்தில் லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) இடுக்கு வழியே தரையைத் தொடும். அடர்ந்த கோரையில் அதுவும் திணறும், அங்கே ஸ்டாஃபை (லெவல் மெஷினில் பார்த்துப் படிக்கும் அளவுகோல்) பிடித்துக்கொண்டு ஆள்தான் இறங்க வேண்டும். மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் பக்கத்திலேயே இருப்பதால், எந்த முறையானாலும் பறக்க அனுமதி வாங்கும் நாட்களையும் சேர்த்தே கொட்டேஷன் போடுங்கள்.