31-ஆ, 36-ஆ, கான்பூரா? சின்ன ரிவால்வர்களின் எண்களை எப்படிப் படிப்பது

கம்பம், போடி பக்கம் வீடும் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டமும் வைத்திருக்கும் குடும்பங்கள் சிலவற்றில் அப்பா காலத்து ரிவால்வர் ஒன்று லைசென்ஸோடு இருக்கும். அதை மகன் பேருக்கு மாற்றும்போதுதான் அது என்ன மாடல் என்ற கேள்வியே வருகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது என்று மட்டும் தெரியும், ஒருவர் 31 என்பார், இன்னொருவர் 36 என்பார், பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் தோட்டா மற்றதற்கு ஆகவே ஆகாது.

முதலில் எண் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தோட்டாக்கள் உட்காரும் உருளையான சிலிண்டரை வெளியே சாய்த்து, தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால், சிலிண்டரைத் தாங்கும் கை ஃபிரேமில் உட்காரும் இடத்தில் ‘மாட்’ (MOD) என்ற எழுத்துகளோடு பதித்திருப்பதுதான் மாடல் எண். பக்கத்திலேயே வெறும் எண்களும் இருக்கும், பல துப்பாக்கிகளில் அவை தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்த்து வைக்கப் போட்டவை. பழைய துப்பாக்கிகளில் சீரியல் எண் கைப்பிடியின் அடியில் இருக்கும், லைசென்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டியது அதுதான். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது ரசீதில் மாடல் எண்ணையோ பாக எண்ணையோ எழுதி வாங்கிவந்தால் திரும்ப எடுக்கும்போது பெரிய இழுபறியாகிவிடும். ‘மாட்’ என்றே ஒன்றும் இல்லையா? பயப்பட வேண்டாம், அந்தக் கம்பெனி மாடல்களுக்கு எண் கொடுக்க ஆரம்பித்ததே 1957-இல்தான், அதற்கு முன்னால் பெயர்தான். 36 என்று பின்னால் எண் பெற்ற சீஃப்ஸ் ஸ்பெஷல் 1950-இலேயே வந்துவிட்டது.

இப்போது 30, 31, 36. முதல் இரண்டும் .32 லாங் என்ற வகைத் தோட்டாவுக்கானவை, ஆறு தோட்டா பிடிக்கும். 30-க்குக் கைப்பிடியின் அடி உருண்டை, 31-க்குச் சதுரம், பெரிய கைக்காரர்களுக்கு 31 நன்றாகப் பிடிபடும். 36 என்பது .38 ஸ்பெஷல், ஐந்து தோட்டாதான். ஆகவே எண் தேடுவதற்கு முன்னாலேயே சிலிண்டரில் துளைகளை எண்ணினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

36-ஐ ஒட்டி வருவதுதான் குழப்பமான கூட்டம், ஆனால் உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது. 36 முழு எஃகு, 37 அதே துப்பாக்கி அலுமினிய ஃபிரேமில். 38-லும் 49-லும் ஹேமரின், அதாவது பின்னால் இருக்கும் சுத்தியின், இரண்டு பக்கமும் மறைப்பு உண்டு, 38 அலுமினியம், 49 எஃகு. 40-லும் 42-லும் ஹேமர் முழுக்க உள்ளே, சட்டைப் பையில் சிக்காது. 36-இன் ஸ்டெயின்லெஸ் உருவம் 60, 1965-இல் வந்தது. அப்புறம் வந்தவற்றில் முன்னால் ஒரு 6 சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் என்று கொள்ளலாம், 49 ஆனது 649, 40 ஆனது 640. 642-இல் மட்டும் கவனம், அதில் சிலிண்டரும் பேரலும்தான் ஸ்டெயின்லெஸ், ஃபிரேம் அலுமினியமே. 442 அதன் கறுப்பு ஜோடி. மலைமேல் ஆனி ஆடி மழையில் கறுப்புப் பூச்சு போட்ட எஃகு எண்ணெய் காட்டாமல் வைத்தால் சீக்கிரம் துரு பிடிக்கும், அந்த ஒரு காரணத்துக்காகவே 442-ஐவிட 642 மேல் என்பேன். எண்ணுக்குப் பின்னால் கோடு போட்டு 1, 2 என்று வருவது பொறியியல் மாற்றத்தின் வரிசை. சில சமயம் அதுவே பெரிய வித்தியாசம், 36-1 என்றால் மூன்று அங்குலக் கனத்த பேரல்.

ஆனால் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து பொதுமக்களுக்குத் துப்பாக்கி இறக்குமதி கிட்டத்தட்ட அடைபட்டுக் கிடப்பதால், 642 எல்லாம் நமக்குப் படத்தில் பார்க்கத்தான். நிஜமான போட்டி பழைய 31-க்கும் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்புக்கும்தான். கான்பூரின் .32 மார்க் 3 வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரின் பாணி, தாழை அழுத்தி பேரலை மடக்கினால் வெற்றுத் தோட்டாக்கள் மொத்தமாக வெளியே வந்துவிடும். 2014-இல் வந்த நிர்பீக் டைட்டானியம் கலவை, சுமார் 500 கிராம், இடுப்பில் வைத்து நாள் முழுக்கத் தோட்டம் சுற்றுபவருக்கு நல்லது. 2023-இல் வந்த பிரபல் 675 கிராம், 76 மில்லிமீட்டர் பேரல், சிலிண்டர் பக்கவாட்டில் சாயும், அதாவது 31 திறப்பது போலவே. என் கணக்கு இதுதான்: வீட்டில் ஏற்கெனவே 31 இருந்தால் விற்காதீர்கள், அந்த ட்ரிகரின் வழுவழுப்பு கான்பூரில் வராது. புதிதாக வாங்குபவர் பழைய 31-க்கு லட்சங்களைக் கொட்ட வேண்டாம். ஒரு ஸ்பிரிங் உடைந்தால்கூட பாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும், பிரபலை எடுங்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், பன்றி விரட்ட ஒரு டபுள் பேரல் என்றால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, அதில் சூதாட வேண்டாம்.

தோட்டா வாங்கும்போது .32 என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ரிவால்வருக்கு 7.65×23 மில்லிமீட்டர், பிஸ்டலுக்கு 7.65×17, இரண்டையும் கடையில் .32 என்றுதான் சொல்வார்கள்.

சரி, கடைசியாக லைசென்ஸில் எல்லை என்ற இடத்தைப் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் அது 31 ஆனாலும் பிரபல் ஆனாலும் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு செக்போஸ்ட்டோடு நின்றுவிட வேண்டும். தோட்டம் இடுக்கியில் என்றால் அகில இந்திய அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு அப்புறம் மாடலைத் தேர்ந்தெடுங்கள்.